மலைக்கு இருபுறமும்

ஸ்பெயின் நாட்டின் வடகோடியில் ஒரே நாளில் முடித்துவிடக்கூடிய ஒரு கார்ப் பிரயாணம் உண்டு. காலையில் கடலுக்கு அண்மையிலுள்ள பில்பாவோ நகரத்தில் குடையை விரித்துக்கொண்டு புறப்படலாம். ஒரு மலைத்தொடரைக் கடந்ததும் வானம் வெளுத்துவிடும். மறுசரிவில், எப்ரோ நதியின் கரையில், ரியோஹா என்னும் திராட்சை நாடு விரிந்து கிடக்கிறது. அங்கே பகலுணவை முடித்துக்கொண்டு கிழக்கே திரும்பினால், பிற்பகலில் பார்தேனாஸ் ரேயாலெஸ் என்னும் பொட்டல்வெளி வந்துவிடும்; வெறும் மண்ணும் மண்ணால் ஆன குன்றுகளும் நிறைந்த இடம் அது. மாலையில் சரகோசா நகரத்து விளக்கொளியைக் காணலாம். பில்பாவோவில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,100 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ரியோஹாவின் தலைநகராகிய லோக்ரோன்யோவிலோ 400 மில்லிமீட்டர் அளவுதான். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு மலைத்தொடர்.

இச்செய்தியைப் படித்தபொழுது, இத்தகைய பாதை நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறதே என்ற எண்ணம் எங்களுக்கு உண்டாயிற்று. மதுரையில் புறப்பட்டு, கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களைப் பார்த்து, போடிமெட்டு ஏறி மூணாறு சேர்ந்து, மறுநாள் மறையூர், சின்னாறு வழியாக உடுமலையில் இறங்கிக் கோயம்புத்தூரை அடைவது அந்தப் பாதை. மழை மிகுந்த மலையும் வறண்ட முட்காடும் இரண்டு நாள் வழிக்குள் அடங்கிவிடுகின்றன. சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் நண்பர் மூவர் ஒரு சிறு வாடகைக் காரில் அவ்வழியே சென்று வந்தோம்.

உசிலம்பட்டியையும் ஆண்டிபட்டிக் கணவாயையும் கடந்து தேனியை அணுகியதுமே மலை கண்ணுக்குத் தெரிந்தது. மலை முகட்டின் மேல் வெண்பஞ்சுப் பொதிபோல் மேகம் படுத்திருந்தது. அது அங்கேயே கிடந்தது. இந்தப் பக்கம் ஓரடியும் இறங்கவில்லை. எங்கள் முகத்தில் மோதியது உலர்ந்த மேல்காற்றுதான். பள்ளிப் பூகோளத்தில் நாமெல்லாரும் படித்த சங்கதிதான் இது. அரபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலெழும்புகிறது; எழும்பக் குளிர்கிறது; குளிர்ந்து மழையாகிறது. மறுபுறம் இறங்கும்போது அதனிடம் ஈரம் மிஞ்சுவதில்லை. இறங்க இறங்க வெப்பமும் ஏறுகிறது. நம் பாடநூல்கள் இதை ‘மழை மறைவுப் பகுதி’ என்று குறிப்பிடுகின்றன. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எங்களுக்கு இச்சொல்லின்மேல் ஒரு மதிப்பு உண்டு. ஆங்கிலத்தில் நிழல் என்று சொல்வதைத் தமிழில் மறைவு என்று ஆக்கியவர் யாரோ, நிலத்தைப் பார்த்தே ஆக்கியிருக்கிறார்.

மழை மறைந்த நிலத்தில் கம்பம் பள்ளத்தாக்கு இவ்வளவு பசுமையாக இருப்பது எங்ஙனம்? தேனியிலிருந்து கம்பம் செல்லும் நாற்பது கிலோமீட்டர் வழியெங்கும் நெல் வயல், வாழை, தென்னை, திராட்சைப் பந்தல். விடை மலைக்குள் இருக்கிறது. கேரளத்துப் பெரியாறு மேற்கே ஓடி அரபிக் கடலில் கலக்கும் ஆறு. அதை மலையிலேயே மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பிவிட வேண்டும் என்ற யோசனை பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் பேசப்பட்டு வந்தது. 1886-ல் திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் ஆங்கில அரசாங்கத்துக்கும் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் ஏற்பட்டது. நீர்தேங்கும் 8,000 ஏக்கருக்கு ஏக்கர் ஒன்றுக்கு 5 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 40,000 ரூபாய் குத்தகை. 1887-ல் தொடங்கிய வேலை 1895-ல் முடிந்தது. நடத்தியவர் பொறியியல் அதிகாரி ஜான் பென்னிகுயிக். சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் சேர்த்து எழுப்பிய அணை. ஒரு மைலுக்குமேல் நீண்ட சுரங்கம். காட்டுக் காய்ச்சலுக்கு நூற்றுக்கணக்கானோர் பலியாயினர். வெள்ளம் வந்து, கட்டியதை அடித்துச் சென்றதும் உண்டு.

பென்னிகுயிக் தம் சொத்துகளை விற்று அணையைக் கட்டி முடித்தார் என்று பள்ளத்தாக்கில் சிறு பிள்ளையும் சொல்லும். அணை சென்னை அரசாங்கத்தின் பணத்தில் எழுந்தது என்பதே ஆவணங்கள் காட்டும் செய்தி. ஆயினும் அக்கதையை மறுத்துரைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. நன்றி என்னும் உணர்ச்சிக்கு ஒரு கதை தேவைப்படுகிறது. அவர் பிறந்த நாளாகிய ஜனவரி 15-ல் இங்குள்ளோர் பொங்கல் வைக்கிறார்கள். கூடலூரை அடுத்த லோயர் கேம்பில் 2013-ல் அவருக்கு மணிமண்டபம் எழுந்தது. பிள்ளைகளுக்கு அவர் பெயரை இடுவோரும் உண்டு. ஆங்கிலேயர் ஒருவர் பெயர் தமிழ்நாட்டுக் கிராமத்தில் குலதெய்வத்தின் பெயர்போல் வழங்குவது இங்கேதான் என்று நினைக்கிறோம்.

இந்நீரால் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நிலம் இருபோக நெல் விளைகிறது. அதற்கப்பால் வைகையில் கலந்து மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்கள் வரை செல்கிறது.

திராட்சைக்கு வருவோம். கம்பத்தைச் சுற்றியுள்ள சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர் ஆகிய ஊர்களில் பந்தல்களின் கீழ் நடப்பது ஒரு தனி அனுபவம். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, ஆள் உயரத்துக்குமேல் படரவிட்ட கொடி. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே பச்சை நிழல். தலைக்குமேல் கருநீலக் குலைகள். இதற்குப் பன்னீர் திராட்சை என்று பெயர். ஐரோப்பியர் மஸ்கட் ஹாம்பர்க் என்று அழைக்கும் இனம் இது. பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832-ல் இப்பகுதிக்குக் கொண்டுவந்தார் என்று சொல்லிவருகின்றனர். பத்துக் கிராமங்களில் ஏறத்தாழ 2,000 ஏக்கரில் பயிராகும் இப்பழத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

ரியோஹாவில் ஆண்டுக்கு ஒரு முறைதான் அறுவடை. குளிர்காலத்தில் கொடி இலை உதிர்த்து உறங்கிவிடும். கம்பத்திலோ உறக்கம் என்பதே இல்லை. கவாத்து செய்து ஏறத்தாழ நான்கு மாதத்தில் குலை முதிர்ந்துவிடுகிறது. ஒரு தோட்டத்தில் கவாத்து, அடுத்த தோட்டத்தில் பூ, அதற்கடுத்ததில் வெட்டு. ஆகவே ஆண்டின் எந்த மாதத்தில் போனாலும் ஏதாவதொரு பந்தலில் பழம் இருக்கும். ஸ்பெயினில் திராட்சை என்றால் மது என்று பொருள். இங்கே திராட்சை என்றால் பழம். தள்ளுவண்டியில் எடை போட்டுத் தாளில் கட்டித் தருவது. மதுவாக வடிப்பது சிறு பகுதியே. பழைய தமிழில் இதற்குக் கொடிமுந்திரி என்ற அழகான பெயர் இருந்தது. முந்திரிக்கொட்டை வந்து அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டது.

ஒரு பந்தலில் விவசாயி ஒருவரோடு பேசினோம். விலை எப்படி என்று கேட்டோம். “விலையை வியாபாரி சொல்வார், மழையை அந்த மலை சொல்லும். நாம சொல்றதுக்கு என்னங்கய்யா இருக்கு?” என்றார். வெட்டும் பருவத்தில் மழை பெய்தால் பழம் வெடித்துக் குலை அழுகிவிடும். மழை மறைவில் இருப்பதனாலேயே இவருடைய பயிர் பிழைக்கிறது. மலைக்கப்பால் பெய்த மழையைக் குடித்தே அது வளருகிறது. அவர் கூறிய அந்த ஒரு வார்த்தையில் இரண்டு செய்தியும் அடங்கிவிட்டன.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அணைக்குக் கீழே, மலையின் மேற்குப் புறத்தில், பெரியாற்றின் கரையில் வாழ்வோர் நூற்றாண்டைக் கடந்த இந்த அணையை எண்ணி அஞ்சுகின்றனர். 1979-ல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. பின்னர் 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006-ல் கூறியது. 2014-ல் அரசியல் சாசன அமர்வும் அதை உறுதி செய்தது. கேரளம் புதிய அணை வேண்டும் என்கிறது. தமிழ்நாடு இருப்பது உறுதியானது என்கிறது. கம்பத்து விவசாயியின் கவலையை நாம் எளிதில் உணருகிறோம். இடுக்கி மாவட்டத்தில் மழை இரவில் உறங்காது கிடப்பவரின் கவலையும் கவலைதான். ஸ்பெயினிலும் இதே வழக்கு உண்டு. தாஹோ நதியின் நீரை 1979 முதல் வறண்ட தென்கிழக்குப் பகுதியான முர்சியாவுக்குக் கொண்டு செல்கிறார்கள். தரும் மாகாணமும் பெறும் மாகாணமும் இன்றுவரை வழக்காடிக்கொண்டே இருக்கின்றன.

போடிநாயக்கனூரில் அதிக நேரம் தங்கவில்லை. ஏலக்காய் மணம் வீதியிலேயே வீசும் ஊர் அது. மதுரையிலிருந்து 1928-ல் வந்த மீட்டர் பாதை ரயில், அகலப்பாதை வேலைக்காக 2010-ன் இறுதியில் நின்றது. 2023 ஜூன் மாதத்தில்தான் மீண்டும் போடிக்கு ரயில் வந்தது. விடியுமுன்னே ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு ஏலத் தோட்டத்துக்குக் கூலிவேலைக்கு ஏறும் பெண்களை இங்கே காணலாம். மாலையில் அதே ஜீப்பில் இறங்கி வருகிறார்கள். நாள்தோறும் மாநில எல்லையைக் கடந்து வேலை செய்து திரும்பும் இவர்களுக்கு அது எல்லையாகவே தோன்றுவதில்லை போலும்.

போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். கீழ் வளைவுகளில் வறண்ட பாறையும் முட்புதரும். பத்தாவது வளைவைத் தாண்டியதும் காற்றில் குளுமை. உச்சியில் இரு மாநிலச் சோதனைச் சாவடிகள். அதைக் கடந்து நூறடி போகுமுன் எங்கள் காரின் கண்ணாடியில் மழைத்துளி விழுந்தது. இப்படிக் கோடு கிழித்தாற்போல் மழை தொடங்குவதைப் படத்தில்தான் பார்த்திருக்கிறோம். ஓட்டுநர் தேனிக்காரர், அவருக்கு வியப்பில்லை. கண்ணாடியைத் துடைக்கும் விசையைச் சாவடியிலேயே தட்டிவிட்டிருந்தார்.

பூப்பாறை, தேவிகுளம் வழியாக மூணாற்றை அடைந்தபோது பிற்பகலிலேயே இருட்டியிருந்தது. முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என மூன்று ஆறுகள் கூடுமிடம் ஆதலால் மூணாறு. ஏறத்தாழ 5,000 அடி உயரம். 1877-ல் ஜான் டேனியல் மன்றோ என்பவர் பூஞ்சாறு அரசரிடம் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகையாகப் பெற்றார். சின்கோனா, காப்பி என்று பலவற்றை முயன்று பார்த்துக் கடைசியில் தேயிலையில் நிலைத்தார்கள். கையால் தடவிச் சமன் செய்தாற்போன்ற அந்தப் பச்சைச் சரிவுகளைப் பற்றி நேயர்கள் எத்தனையோ வருணனைகள் கேட்டிருப்பீர்கள். நாங்கள் ஒன்று கூட்ட விரும்பவில்லை.

குறைவாகப் பேசப்படுவது ஒன்று உண்டு. மூணாற்றின் முகம் முதலில் கிழக்கு நோக்கியே இருந்தது. 1902-ல் மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியே டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடிற்று, மாடுகள் இழுத்தன. 1908-ல் அது குறுகிய ரயில் பாதையாயிற்று. தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பி வடத்தில் தொங்கியபடி மலையடிவாரத்துக் கொட்டகுடிக்கு இறங்கிப் போடி வழியே வெளியுலகம் சென்றன. 1924 ஜூலையில் பெருவெள்ளம் வந்தது. மலையாள ஆண்டு 1099 ஆதலால் ‘தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்’ என்று கேரளத்தார் இன்றும் சொல்வர். ரயில் பாதை அடையாளம் தெரியாமல் போயிற்று, மறுபடியும் போடப்படவில்லை. அதன் பின்னரே மூணாறு மேற்கே திரும்பியது. நேரியமங்கலத்துப் பெரியாற்றுப் பாலம் 1935-ல் திறக்கப்பட்டது.

பெட்டிகள் இறங்கிய வழியே மனிதர்கள் ஏறினார்கள். திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரைச் சீமைகளின் வறண்ட கிராமங்களிலிருந்து கங்காணிமார் ஆள் சேர்த்து அழைத்துச் சென்றனர். அவர்களுடைய பேரன் பேத்திகளும் கொள்ளுப்பேரர்களும்தான் இன்று லயங்களில் வாழ்வோர். 1956-ல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று நேசமணி தலைமையில் பெருங்கிளர்ச்சி நடந்தது. கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையும் சேர்ந்தன. இவ்விரு வட்டங்களும் கேரளத்திலேயே நின்றன. அந்தப் பழைய வழக்கை நாங்கள் மீண்டும் கிளறவில்லை. ஆனால் தேயிலைச் சரிவில் காதில் விழும் பேச்சு எந்தச் சீமையின் பேச்சு என்பதைச் செவியுள்ள எவரும் அறிவர்.

கடைவீதியில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது அறுபது வயதை நெருங்கிய அம்மையார் ஒருவர் பக்கத்துப் பெஞ்சில் அமர்ந்திருந்தார். கொழுந்து எடுத்துக் காய்த்துப்போன விரல்கள். எங்கள் பேச்சைக் கேட்டு, “தம்பிமாருக்கு எந்த ஊரு?” என்றார். சொன்னோம். அவர் ஊரைக் கேட்டோம். சற்று யோசித்தார். “எங்க பாட்டி சங்கரன்கோயில் பக்கத்திலேருந்து வந்தவுக. நான் இங்ஙனயேதான் பிறந்தேன். முப்பத்தெட்டு வருசம் கொழுந்து எடுத்தாச்சு. வேலை முடிஞ்சா வீட்டைக் காலி பண்ணணும், ஊருக்குப் போகணும்ங்காக. எந்த ஊருக்குத் தம்பி போறது?” என்றார். லயத்து வீடு வேலைக்குரிய வீடு. ஓய்வு பெற்றால், பிள்ளைகளில் யாராவது தோட்டத்தில் வேலையில் இருந்தாலொழிய, அதில் உரிமை இல்லை. அம்மையாரின் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறானாம். சங்கரன்கோயில் பக்கத்தில் ஒரு பாட்டியின் பெயரைத் தவிர வேறொன்றும் இல்லை. எங்களில் யாரும் விடை சொல்லவில்லை. தேநீருக்குக் காசு கொடுக்க அவரும் விடவில்லை.

இவர்கள் வாய்பேசாதவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. 2015 செப்டம்பரில் போனஸ் குறைக்கப்பட்டதை எதிர்த்து ஆயிரக்கணக்கான பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டுச் சாலையில் வந்து அமர்ந்தார்கள். ‘பெண்கள் ஒற்றுமை’ என்று தமிழில் தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். ‘பொம்பிளை ஒருமை’ என்று கேரளப் பத்திரிகைகள் அதை எழுதின. போனஸ் விஷயத்தில் வெற்றியும் கண்டார்கள். வீட்டு விஷயம் அப்படியே இருக்கிறது.

2020 ஆகஸ்ட் 6-ந் தேதி இரவு இராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்தது. லயங்களில் உறங்கிக்கொண்டிருந்த 70 பேர் மாண்டார்கள். அவர்களில் நால்வரின் உடல் கிடைக்கவேயில்லை. பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். அன்று ஒரே நாளில் அங்கே பெய்த மழை 600 மில்லிமீட்டருக்கும் மேல். இந்த எண்ணை நேயர்கள் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

மறுநாள் காலை இரவிகுளம் தேசியப் பூங்காவை ஒட்டிக் கிழக்கே புறப்பட்டோம். வரையாடு வாழும் இடம். தென்னிந்தியாவிலேயே உயர்ந்த ஆனைமுடி, 2,695 மீட்டர், மேகத்துக்குள் ஒளிந்துகொண்டது. குறிஞ்சி 2018-ல் பூத்தது, இனி 2030-ல்தான். பன்னிரண்டு ஆண்டு காத்திருப்பவர்களை எங்களுக்குப் பிடிக்கும் என்றாலும், இம்முறை மலரைப் பற்றிப் பேச எங்களிடம் ஒன்றும் இல்லை.

மறையூர் நாற்பது கிலோமீட்டர். பாதி வழியில் தேயிலை முடிகிறது, மழையும் முடிகிறது. மேகத்தைப் பின்னால் விட்டுவிட்டு வெயிலுக்குள் இறங்கினோம். பாண்டவர் மறைந்து வாழ்ந்த ஊர் ஆதலால் மறையூர் என்று கதை சொல்வார்கள். மழை மறைந்த ஊர் என்று நாங்கள் எங்களுக்குள் வைத்துக்கொண்டோம். இலக்கண ஆசிரியர் ஒப்புவாரோ, அறியோம். சாலையின் இருபுறமும் கம்பி வேலிக்குள் சந்தன மரங்கள். கேரளத்தில் சந்தனம் தானாக வளரும் காடு இதுதான். வறண்ட காற்றும் கற்பாங்கான நிலமும் அதற்கு உகந்தவை. பாறைமேட்டில் நான்கு கல்லை நிறுத்தி மேலே ஒரு பெருங்கல்லைப் பரப்பிய கற்திட்டைகள் நிற்கின்றன. ஊரார் முனியறை என்பர்.

மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஐந்தும் சேர்ந்து அஞ்சுநாடு. இங்குள்ள பழங்குடியிருப்பாளர் தம் முன்னோர் மதுரையிலிருந்து மலையேறி வந்தவர் என்று சொல்கிறார்கள். மலையின் ஆதிவாசிகளான முதுவரும் அதையே சொல்கிறார்கள்: மதுரையை விட்டு வந்தபோது மீனாட்சியின் திருவுருவை முதுகில் சுமந்து வந்ததால் முதுவர் ஆனோம் என்பது அவர்கள் ஐதீகம். இவற்றை வரலாறு என்று நாங்கள் சாதிக்க வரவில்லை. ஆயினும் முதுவர், அஞ்சுநாட்டார், தேயிலைத் தொழிலாளர் என்று மூன்று கூட்டத்தாரும், காலம் வேறு வேறாயினும், வந்த திசை ஒன்றையே காட்டுகிறார்கள். நீர் கிழக்கே இறங்கியது பின்னால். மனிதர் மேற்கே ஏறியது முன்னால்.

கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே ஓலைக் கொட்டகையில் வெல்லம் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். பெரிய கொப்பரையில் சாறு கொதிக்கிறது. அழுக்கை வழித்து எடுக்கிறார்கள். பதம் வந்ததும் மரத்தொட்டியில் ஊற்றி ஆறவிட்டுச் சூட்டோடு கையால் உருண்டை பிடிக்கிறார்கள். 2019-ல் மறையூர் வெல்லமும் புவிசார் குறியீடு பெற்றது. மலையாளத்தில் இதற்குச் சர்க்கரை என்று பெயர். நாம் சர்க்கரை என்று கேட்டால் வெள்ளைச் சீனியைத் தருவார்கள். ஒரே சொல் மலையின் ஒரு பக்கம் கறுப்பாகவும் மறுபக்கம் வெளுப்பாகவும் இருக்கிறது! கொட்டகைக்காரர் எங்களிடம் இரண்டு சொல்லையும் சொல்லி விற்றார்.

மறையூரிலிருந்து இறங்கினால் சின்னாறு. 1984-ல் அறிவிக்கப்பட்ட வனவிலங்குச் சரணாலயம். 90 சதுர கிலோமீட்டர் பரப்பு. கேரளம் என்றால் நாம் எண்ணுவதற்கு நேர்மாறான கேரளம் இது. கள்ளியும் வேலமும் உடைமரமும், வெடித்த பாறை, கானல். நட்சத்திர ஆமையும் சாம்பல்நிற மலையணிலும் இங்கே வாழ்கின்றன. சரணாலயத்தின் கீழ்ப்பகுதியில் ஆண்டு முழுவதற்கும் பெய்யும் மழை 500 மில்லிமீட்டர் அளவே. நினைவில் வைத்துக்கொள்ளுமாறு சொன்ன எண்ணை நேயர்கள் இப்பொழுது எடுத்துக்கொள்ளலாம். பெட்டிமுடியில் ஓர் இரவும் பகலும் கொட்டியது, இங்கே ஓராண்டிலும் பெய்வதில்லை. நடுவே சில மலைமுகடுகள்தான்.

பாலை என்பது தனி நிலம் அன்று. முல்லையும் குறிஞ்சியும் வெப்பத்தால் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்ற கருத்தை இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தில் கூறியிருக்கிறார். கல்லூரியில் அதை நாங்கள் தேர்வுக்காகப் படித்தோம். சின்னாற்றுச் சாலையோரத்தில், காலையில் விட்டுவந்த குறிஞ்சி நிலம் தலைக்குமேல் நீலமாகத் தெரிய, காலடியில் கொதிக்கும் பாறைமேல் நின்றபோது அது விளங்கிற்று. பாலைவனம் என்று ஸ்பெயின்காரர் பார்தேனாஸைச் சொல்வதும் இந்த அளவில்தான். மணல் கடல் ஒன்றும் அங்கே இல்லை.

இந்த வறட்சிக்கு நடுவே பாம்பாறு ஓடுகிறது. கேரளத்து ஆறுகளில் கபினி, பவானி, பாம்பாறு என்ற மூன்றே கிழக்கு நோக்குபவை. பாம்பாறும் சின்னாறும் கூடி அமராவதி அணைக்குப் போய்க் கரூர்ச் சீமையைக் கடந்து காவிரியில் சேர்கின்றன. காவிரி நடுவர் மன்றம் 2007-ல் கேரளத்துக்கு ஒதுக்கிய 30 டி.எம்.சி.யில் 3 டி.எம்.சி. பாம்பாற்றுக்கு உரியது. அதில் அணை கட்டும் விஷயத்திலும் இரு மாநிலத்துக்கும் பேச்சு உண்டு. பெரியாற்றில் நாம் கேட்பவர். பாம்பாற்றில் அவர்கள் கேட்பவர்கள்.

சாவடிகளைத் தாண்டி, 1957-ல் கட்டி முடிந்த அமராவதி அணையைப் பார்த்துவிட்டு உடுமலைப்பேட்டையில் இறங்கினோம். பாலக்காட்டுக் கணவாய் வழியே புகும் காற்றில் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருந்தன. இங்கும் அதே கதை. மேற்கே ஓடும் பரம்பிக்குளம், ஆளியாறு முதலிய ஆறுகளின் நீரைச் சுரங்கங்களாலும் கால்வாய்களாலும் திருமூர்த்தி அணை வரை கொண்டு வருகிறார்கள். 1970-ல் கையெழுத்தான ஒப்பந்தம் இரு மாநிலத்துக்கும் பங்கு சொல்கிறது. பாலக்காட்டுச் சித்தூர் வயலுக்கும் இதில் நீர் உண்டு. கணக்கில் தகராறு வரும், அதிகாரிகள் கூடுவார்கள், கோப்புகள் ஓடும். ஆனால் நீரும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. முல்லைப் பெரியாற்றைவிட இந்த ஏற்பாட்டைப் பற்றி நாம் குறைவாகப் பேசுகிறோம். சண்டை குறைந்த இடத்தில் செய்தியும் குறைவு.

உடுமலைப் பேருந்து நிலையத்தில் மூணாறு செல்லும் பேருந்து நின்றது. கூரைமேல் தக்காளிக் கூடைகள் ஏறின. பனியன் கம்பெனிப் பைகளோடு விடுமுறைக்கு மலையேறும் இளைஞர் சிலர் படியில் நின்று பேசிக்கொண்டிருந்தனர். அந்த அம்மையாரின் மகனும் இவர்களில் ஒருவனாக இருக்கலாம் என்று எங்களில் ஒருவர் சொன்னார்.

கோயம்புத்தூரை அடைந்தபோது இரவு எட்டு மணி. உணவு விடுதியில் பரிமாறுபவர் முதலில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். இரண்டு நாளாகப் பல ஊர்த் தண்ணீரைக் குடித்திருந்த எங்கள் நண்பர் ஒரு மிடறு பருகிவிட்டு, இது எந்த ஊர்த் தண்ணீர் என்று கேட்டார். பாலக்காடு மாவட்டத்து மலையில் தேங்கி, மலையைக் குடைந்த வழியே 1930-களின் தொடக்கம் முதல் இந்நகரத்துக்கு வருகிற தண்ணீர் அது. பரிமாறுபவர் அதெல்லாம் சொல்லவில்லை. “சிறுவாணிங்க” என்றார்.